சாப்பாடு ஆச்சா?

ஏலே பேராண்டி, நேத்து ராத்திரி நீ போன்ல அழாத கொறையாச் சொன்னதக் கேட்டு எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. படிச்ச பிள்ள, மெட்ராஸ்ல கண்ணாடிக் கட்டடத்துல ஏழாவது மாடியில வேல, மாசம் பொறந்தாச் சம்பளம். அப்பேர்ப்பட்டவனுக்கு வந்திருக்க சங்கடத்தப் பாரு! அதிகாரிய 'நீங்க'ன்னு சொன்னா 'நான் என்ன கெழவனா'ங்காராம். 'நீ'ன்னு சொல்ல ஒனக்கு நாக்கு புரள மாட்டேங்குதாம். பக்கத்து மேசப் பிள்ளைய மரியாதையா 'அக்கா'ன்னு கூப்பிட்டிருக்க, அவ மூணு நாளா மொகம் குடுத்துப் பேசலியாம். 'தாத்தா, யார எப்படிக் கூப்பிடணும்னு ஒரு கணக்குச் சொல்லு'ங்க.

கணக்கு இருக்குலே. ஆனா அது நீ படிச்ச கணக்குல சேராது.

நான் எட்டாங்கிளாஸ் தாண்டாதவன். அந்த எட்டுக்குள்ளேயே எங்க தமிழ் வாத்தியாரு ஒண்ணு சொன்னாரு. ஒத்த ஆளப் பன்மையில பேசுதது உசத்திக்காக வழக்குல வந்ததுதானாம், எலக்கணப்படி அது சரியில்லையாம். தொல்காப்பியத்துலயே அப்படி எழுதிக் கெடக்காம். எலக்கணம் எழுதுனவரும் பாத்திருக்காரு. சனங்க ஒத்த மனுசன நாலு பேராக்கிக் கும்பிடுதாக, தடுக்க முடியல. 'நடத்துங்க, ஆனா எந்தலையில கட்டாதீக'ன்னு ஓரமா ஒரு சூத்திரம் போட்டு ஒதுங்கிட்டாரு.

இன்னொண்ணும் சொன்னாரு. 'அவர்கள்', 'நீங்கள்'னு வால்ல ஒட்டுதோமே ஒரு 'கள்', அது அந்தக் காலத்துல அஃறிணைக்குத்தானாம். ஆடுகள், மாடுகள், மரங்கள். மனுசருக்கு அத ஒட்டுத பழக்கம் பின்னால வந்தது. ஆட்டையும் மாட்டையும் எண்ணிக்கிட்டிருந்த வாலத்தான் இன்னைக்கு மேடையில பெரிய மனுசங்க பேருக்குப் பின்னால ஒட்டி 'அவர்களே, அவர்களே'ன்னு விளிக்காக. அதக் கேக்கும்போதெல்லாம் எனக்கு எங்க வாத்தியாரு மொகமும் தொழுவத்துல கட்டியிருந்த எரும மொகமும் சேந்தே ஞாவகத்துக்கு வரும்.

ஒங்க மெட்ராஸ்ல மரியாதைக்கு ரெண்டே படி. ஒண்ணு 'நீ', இல்லைன்னா 'நீங்க'. கால் வச்ச எடம் தப்புனா கெணத்துக்குள்ள பொத்துன்னு விழ வேண்டியதுதான். நம்ம திருநெல்வேலிச் சீமையில நடுவுல இன்னொரு படி உண்டு, 'நீரு'. 'வாரும்வே', 'இரும் ஓய்', 'எப்ப வந்தீரு?' ஒரே வயசுக்காரன், ஆனா தோள்ல கை போட்டுப் பழகல. தங்கச்சி மாப்பிள்ள வயசுல எளையவரு, ஆனா மொறையில பெரியவரு. இவுகளுக்கெல்லாம் 'நீரு'ங்கது வீட்டுத் தாவாரம் மாதிரி, உள்ளேயும் இல்ல, தெருவுலயும் இல்ல. மழைக்கு ஒதுங்க நல்ல எடம். யாழ்ப்பாணத்துப் பக்கமும் அந்தப் படி இடியாம இருக்கு. அங்க புருசன் பொஞ்சாதிகிட்டயே 'நீர் இரும், நான் வாறன்'னுவாரு. நம்ம ஊருல இப்ப உள்ள பிள்ளைககிட்ட 'நீரு'ன்னா, 'பாட்டில் தண்ணியா, பானத் தண்ணியா'ன்னு கேக்குதுக.

இன்னொண்ணு கவனிச்சியா? இப்பப் பேசும்போது ஒன் அதிகாரிய நான் 'ங்காராம்'னேன். அந்தப் பிள்ளைய 'பேசலியாம்'னு சொல்லும்போது 'அவ'ன்னுட்டேன். ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாது. ஆம்பளைக்கு 'அவன்', 'அவரு', 'அவுக'ன்னு மூணு படி வச்சிருக்கோம். பொம்பளைக்கு 'அவ', இல்லைன்னா ஒரே தாவுல 'அவுக'. நடுப்படி இல்ல. 'அவர்'ங்கது எழுத்துல ரெண்டு பேருக்கும் பொது, பேச்சுல மட்டும் ஆம்பள எடுத்துக்கிட்டான். அந்தத் தாவு தாவச் சோம்பல்பட்டு, 'அது வந்துச்சு, இது போச்சு'ன்னு அஃறிணையில தள்ளிருவோம். கேட்டா, 'பிரியத்துல சொன்னது'ம்போம். அந்தப் பிள்ள மொகத்தத் திருப்புனதுல ஞாயம் இருக்குலே. ஒரு மாசம் மூத்ததுக்கு 'அக்கா'ன்னு ஏணி வச்சு ஏத்திவிட்டிருக்க. எறங்க வழி தெரியாம அது... பாத்தியா, திரும்ப 'அது' வந்துருச்சு. அவுக, அவுக.

சரி, மொதல் வித்தை சொல்லுதேன், காதக் குடு. எதுத்தாப்புல நிக்குதது யாரு, என்ன வயசு, என்ன மொற, ஒண்ணும் புடிபடலையா? ஆளத் தொடாதே. வினைய மட்டும் எடுத்து விடு. 'எப்ப வந்தது?' 'சாப்பாடு ஆச்சா?' 'சோலி முடிஞ்சுதா?' 'அப்ப கெளம்புததுதானா?' இதுல நீயும் இல்ல, நீங்களும் இல்ல. வந்தது யாரு? வந்தது வந்ததுதான். சாப்பாடு பாட்டுக்கு ஆகும். கேட்டவன் தப்பிச்சான், பதில் சொல்லுதவனும் தப்பிச்சான். தமிழ்ல இப்படி ஒரு சந்து இருக்கதுனாலதான் நம்ம ஊருல பாதி கல்யாணம் அடிதடி இல்லாம முடியுது.

இன்னும் நயமா வேணும்னா, 'நமக்கு எந்த ஊரு?'ன்னு கேளு. அவன் ஊரக் கேக்க, ஆனா ஒன்னையும் சேத்துக்கிட்டுக் கேக்க. அவன் பதில் சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் வயசு, தெரு, தாய்மாமன் வரைக்கும் வந்து விழுந்துரும். பொறவு 'நீ'யா 'நீங்க'ளான்னு நிதானமா முடிவு பண்ணிக்கிடலாம். ஒங்க ஆபீஸ்ல இந்தச் சந்துக்குத்தான் இங்கிலீசுன்னு பேரு வச்சிருக்கீக. 'யூ'ன்னுட்டா அப்பனும் ஒண்ணு, பேரனும் ஒண்ணு. நீ சொல்லுத பேச்சக் கேட்டா, தமிழ்ல ஆரம்பிச்சு, ஆளக் கூப்பிட வேண்டிய எடம் வந்ததும் இங்கிலீசுக்குத் தாவி, அதத் தாண்டுனதும் தமிழுக்கு வாரீக. பள்ளத்த ஆடு தாண்டுத மாதிரி.

ரெண்டாவது பாடம் நான் காசு குடுத்துப் படிச்சது. அப்ப நம்ம கரிசல் பருத்திக்குக் கோயமுத்தூர்ல நல்ல கிராக்கி. வாலிப முறுக்குல, உள்ளூர்த் தரகன நம்பாம நானே லாரியில ஏத்திக்கிட்டுப் போனேன். பஞ்சுக் கடையில எறங்குனதுதான் தாமதம், 'வாங்கண்ணா, உக்காருங்கண்ணா, காப்பி குடியுங்க'. அடேயப்பா! நம்ம ஊருல எங்கப்பன் என்னைய 'ஏலே மூதி'ன்னுதான் எழுப்புவாரு. இங்க மூட்ட தூக்குத ஆளு வரைக்கும் 'ங்க'. எனக்கு ரெண்டு அங்குலம் வளந்துட்ட மாதிரி இருந்துச்சு. பொறவு மொதலாளி வந்தாரு. மூட்டைக்குள்ள கைய விட்டாரு. 'பருத்தி ஈரமாருக்குதுங்க. தூசியும் இருக்குதுங்க. எடைக்கு நாலு கிலோ கழிச்சுக்கலாமுங்களா? இல்லாட்டிப் போனா எடுத்துட்டுப் போயிருங்க, ஒண்ணும் தப்பில்லீங்க.' அந்த ஆளு 'எடுத்துட்டுப் போடா'ன்னிருந்தாச் சண்ட போட்டிருப்பேன், வெலையும் கொஞ்சம் ஏறியிருக்கும். இம்புட்டு மரியாதையா முதுகுல தட்டிக் கழிச்சா நான் என்னத்தச் சொல்ல? 'சரிங்க'ன்னேன். எனக்கும் ஒட்டிக்கிட்டுது. ஊருக்கு வந்து கணக்குப் பாத்தா, ஒரு 'ங்க'வுக்கு எனக்கு எத்தன ரூவா செலவுன்னு தெரிஞ்சுது.

கொங்குநாட்டுச் சனங்களக் கொற சொல்லலலே. பிள்ளைகளக்கூட 'வாங்க சாமி, சாப்பிடுங்க கண்ணு'ன்னு கூப்பிடுத சனம், கேக்கதுக்கே குளுமையா இருக்கும். நான் சொல்லுதது என்னன்னா, 'ங்க' ஒரு துண்டு மாதிரி. தோள்லயும் போடலாம், இடுப்புலயும் கட்டலாம், கழுத்துல போட்டும் முறுக்கலாம். மெட்ராஸ்காரன் 'இன்னாப்பா, குந்து'ன்னு சொல்லிட்டு, தன் டீயில பாதிய ஆத்திக் குடுப்பான். அங்க 'ங்க' இல்ல, ஆனா டீ இருக்கு.

அதனால ஒருத்தரு ஒன்னைய எப்படிக் கூப்பிடுதாருன்னு பாக்காதே, எப்ப மாத்துதாருன்னு பாரு. கடன் கேட்டு வரும்போது 'அண்ணாச்சி, நீங்க மனசு வச்சா...' வாங்கி மூணாம் மாசம், 'நீரு என்னவே, காணாததக் கண்ட மாதிரி...' வட்டி கேட்டுப் போன அன்னைக்கு, 'நீ யாருடா எவ்வீட்டு வாசல்ல நிக்கதுக்கு!' ஒரே ஆளு, ஒரே திண்ண, மூணு படியும் எறங்கிட்டான். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வாரவுக இதே படியத் தலகீழா ஏறி வருவாக. சீல் வச்ச மறுநாள் எறங்கிருவாக.

மரியாத சட்டுன்னு கூடுனாலும் சூதானமா இருக்கணும். காலையில எட்டு மணி வரைக்கும் தூங்கு, ஒங்கம்மா என்ன சொல்லுதா? 'வாங்க தொர, இப்பத்தான் விடிஞ்சுதா? காப்பி கட்டிலுக்கு வரட்டுங்களா?' அந்த 'ங்க'வுக்குள்ள எத்தன வெளக்கமாறு இருக்குன்னு ஒனக்குத் தெரியும். 'ஐயா' தேஞ்சு 'யா' ஆனதப் பாரு. 'வாங்கய்யா'ன்னா விருந்தாளி, 'வாய்யா'ன்னா ஸ்டேசன்ல ஏட்டு கூப்பிடுதாருன்னு அர்த்தம். ஒரு எழுத்து தேஞ்சதுல நாற்காலியே போயிருச்சு.

ஒங்க ஆச்சி இருந்தாளே, அவ கத தனி. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எம்பேரு அவ வாயில வந்ததில்ல. 'இந்தாங்க', 'ஏங்க', நான் தூரத்துல இருந்தாப் பாத்திரத்தத் தட்டுவா. ரேசன் கார்டுக்கு எழுத வந்தவரு 'வீட்டுக்காரரு பேரென்னம்மா'ன்னதுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூட்டியாந்து சொல்ல வச்சவ. அவளுக்கு நான் 'நீங்க', எனக்கு அவ 'ஏளா'. இது என்ன ஞாயம்னு அவளும் கேக்கல, நானும் யோசிக்கல.

ஒரு ஐப்பசி மழையில எனக்கு விசக் காய்ச்சல் கண்டு, ரெண்டு நாள் நெனப்பு இல்லாமக் கெடந்தேன். மூணாம் நாள் விடியக்காலம் காதுக்குள்ள ஒரு சத்தம். 'ஏ மனுசா, கண்ணத் தொறயேன்டா! என்னைய விட்டுட்டு எங்கடா போற?' தொறந்து பாத்தேன். 'முழிச்சிட்டீகளா'ன்னு எழுந்து சேலைய ஒதறிக்கிட்டுக் கஞ்சி வைக்கப் போயிட்டா. பொறவு நான் எத்தன தடவ கேட்டாலும், 'நானாவது, டா சொல்லவாவது, காய்ச்சல்ல கெனாக் கண்டிருப்பீக'ன்னுட்டா. அவ சாகுத வரைக்கும் ஒத்துக்கிடல. அம்பது வருசத்து 'நீங்க'வ ஒரு தட்டுலயும், அந்த ஒத்த 'டா'வ இன்னொரு தட்டுலயும் வச்சா எது தாழும்னு எனக்குத் தெரியும்.

சாமிகிட்டயும் அப்படித்தானலே. கழுகுமலைக்குப் போனா, உள்ள நிக்குத முருகன 'நீ என்ன செய்வியோ, ஏது செய்வியோ, எம்மகனுக்கு வேல வாங்கிக் குடு'ங்கோம். வெளிய வந்து செருப்புக்கு டோக்கன் குடுக்கவருகிட்ட 'அண்ணே, கொஞ்சம் பாத்து எடுத்துக் குடுங்கண்ணே'ங்கோம். சுந்தரமூர்த்தி நாயனாரு இன்னும் ஒரு படி மேல. புத்தூர்ல வச்சு சிவபெருமானப் 'பித்தன்'னு ஏசுனாரு. அந்தச் சாமி கோவிக்கல, அந்த வார்த்தையிலேருந்தே பாடச் சொல்லிட்டாரு. ஒங்க அதிகாரி ஒருத்தரு பேருல ஒரு எழுத்துத் தப்புனா மெயிலத் திருப்பி அனுப்புதாருன்னு நீ சொல்லல?

செத்தாலும் மரியாத வரும். உசுரோட இருக்கும்போது 'அந்தக் கெழவன்'. மூச்சு நின்னதும், 'எப்ப எடுக்காக?' அங்க ஆளே இல்ல, வினை மட்டும்தான். மறுநாள் செவத்துல போஸ்டர், 'அன்னாரது இறுதி ஊர்வலம்'. அன்னாரு! எழுவது வருசமா ஒருத்தனும் குடுக்காத பட்டத்த அச்சாபீஸ்காரரு குடுத்துட்டாரு.

இதெல்லாம் சிரிக்கச் சொன்னது. இனி சிரிக்காமக் கேளு.

எங்க அப்பா காலத்துல 'நீ'யும் 'நீங்க'வும் வயசப் பாத்து வாரதில்ல, பொறந்த தெருவப் பாத்து வரும். எனக்கு ஆறு வயசு இருக்கும். நம்ம வீட்டுக்குத் துணி வெளுத்துக் குடுத்தவருக்கு அப்பவே எங்கப்பனவிடக் கூட வயசு. அவரு என்னைய 'சின்னய்யா, வாங்க'ம்பாரு. நான் அவரப் பேரச் சொல்லி, 'இங்க வா, இத எடுத்துட்டுப் போ'ம்பேன். யாரும் என்னையக் கண்டிக்கல. கண்டிக்கணும்னே யாருக்கும் தோணல. அவரு அழுக்குத் துணி எடுக்கப் பின்வாசலுக்கு வருவாரு. என் 'வா போ'வும் அந்தப் பின்வாசல் மாதிரி, கட்டும்போதே வச்சுக் கட்டுனது.

இத ஒடைக்கப் பாத்தவுக இல்லாம இல்ல. பெரியாரு 1925-ல சுயமரியாத இயக்கம் ஆரம்பிச்சதே அதுக்குத்தான். 1929-ல செங்கல்பட்டு மாநாட்டுல, பேருக்குப் பின்னால சாதி வால ஒட்டாதீகன்னு தீர்மானம் போட்டாக. 1932-ல ரஷ்யாவெல்லாம் பாத்துட்டு வந்து, எல்லாரையும் 'தோழர்'னு ஒரே சொல்லால கூப்பிடுங்கன்னாரு. பேரப்பிள்ள வயசுப் பையன் வந்தாலும் 'வாங்க'ன்னு கூப்பிடுவாருன்னு பழகுனவுக சொல்லியிருக்காக. அண்ணாதுரை முதல்மந்திரியானதும், 1967-ல, 'ஸ்ரீ'ய எடுத்துட்டு எல்லாருக்கும் 'திரு'ன்னாக. காயிதத்துல எல்லாரும் திரு ஆயிட்டோம். திண்ணையில ஆகுததுக்குக் காயிதம் பத்தலலே.

துணி வெளுத்துக் குடுத்த அந்தப் பெரியவரு மகன் படிச்சாரு. அவரு சின்னப் பிள்ளையா இருக்கையில நானும் 'ஏலே'ன்னு கூப்பிட்டவன்தான். படிச்சு முடிச்சு அரசாங்க வேலைக்குப் போயிட்டாரு. லீவுல பேண்டு சட்டையோட பஸ்ஸ விட்டு எறங்கி வருவாரு. நான் திண்ணையில இருப்பேன். 'ஏலே'ங்க வாய் வரல. 'வாங்க'ன்னு சொல்ல மனசு வரல. என்ன செஞ்சேன்? எம்வித்தைய எடுத்தேன். 'எப்ப வந்தது? சாப்பாடு ஆச்சா?' அவரும் சிரிச்சுக்கிட்டே, 'ஆச்சு பெரியவரே, நீங்க சாப்பிட்டீங்களா?'ம்பாரு. ஒளியாம, நேரா. பத்து வருசம் இப்படியே அவருக்குச் சாப்பாடு ஆகிக்கிட்டே இருந்துச்சு.

பொறவு ஒரு நாள் நம்ம மேலக்காட்டுப் பட்டாவுல ஒரு சிக்கல். ஆபீசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால அவரு இருக்காரு. ஒரு நொடி யோசிக்கல பேராண்டி, துண்டு தானா இடுப்புக்கு வந்துட்டு. 'ஐயா, நீங்கதான் பாத்துச் செய்யணும்'னேன். பத்து வருசமா வராத 'நீங்க' வாசப்படி தாண்டுததுக்குள்ள வந்துட்டு. அவரு எழுந்திரிச்சு, 'மொதல்ல உக்காருங்க'ன்னு நாற்காலிய இழுத்துப் போட்டாரு. காயிதத்தப் பாத்து, ஆக வேண்டியதச் செஞ்சு குடுத்தாரு. ஒரு குத்தல் இல்ல. குத்தியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

பஸ்ஸுல வரும்போது நெனச்சுப் பாத்தேன். அவரு 'நீங்க'ன்னது எனக்கு. நான் 'நீங்க'ன்னது அவரு உக்காந்திருந்த நாற்காலிக்கு. சாப்பாடு ஆச்சான்னு கேட்டதெல்லாம் சாமர்த்தியம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு மனுசனுக்கு 'ங்க' குடுக்க மனசில்லாம ஒளிஞ்சிருந்த சந்துதாம்லே அது.

ஊருக்குள்ள எறங்கி வீட்டுக்கு வரல. நேரா அவரு வீட்டுக்குப் போனேன். அவரு அப்பா வாசத்திண்ணையில ஒண்டியா இருந்தாரு. எம்பது தாண்டியிருக்கும், கண்ணு மங்கல், காது மட்டும் கூர்மை. அவருகிட்ட எனக்கு ஆக வேண்டியது இனி ஒண்ணும் இல்ல. முன்னால போயி நின்னு, 'எப்படி இருக்கீக?'ன்னேன்.

அவரு என் கொரலக் கண்டுபிடிச்சாரு. சின்னய்யாங்கது அவருக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதும் தலையத் திருப்பி, தனக்குப் பின்னால வாசல்ல யாரு வந்து நிக்காகன்னு பாத்தாரு.

அவ்ளோதான் கத. ஒன் அதிகாரிய என்னன்னு கூப்பிடணும்னு கேட்டியே, அவரு எப்படிக் கூப்பிடச் சொல்லுதாரோ அப்படியே கூப்பிட்டுட்டுப் போ. அந்தப் பிள்ளைய, அவுகளத்தான், பேரச் சொல்லி 'நீங்க'ன்னு பேசு. 'நீ' எப்பன்னு அவுகளே சொல்லுவாக, சொல்லாட்டியும் ஒனக்குச் சாப்பாடு ஆகும். என்னைய எப்பவும் போல 'நீ'ன்னே பேசு. எனக்கு 'ங்க' போட்டேன்னா, போஸ்டர் அடிக்கப் போறான்னு நெனச்சுக்கிடுவேன்.

ஒண்ணு மட்டும் கேக்கேன். நேத்து ஒரு மணி நேரம் பேசுன. அதிகாரி வந்தாரு, பக்கத்து மேச வந்துச்சு, ஏழாவது மாடி வந்துச்சு. அந்தக் கட்டடத்து வாசல்ல, ஒங்கப்பன் வயசுல ஒருத்தரு தொப்பி போட்டுக்கிட்டு ராவும் பகலும் ஒனக்குக் கதவு தொறந்து விடுவாரே, அவர என்னன்னு கூப்பிடுத? நாளைக்குக் காலையில அவரு மொகத்தப் பாத்து 'நீங்க சாப்பிட்டீங்களா?'ன்னு கேளு. 'ஆச்சா'ன்னு கேக்காதே. கேட்டுட்டு, அவரு திரும்பிப் பின்னால பாக்காரான்னு பாத்து, ராத்திரி எனக்குப் போன் போடு.